ரெஜினாக்கா சிரிக்காத படம்

செய்தி ஒரு பதாகையாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. ரெஜினாக்கா தலையிடி என்று முதல்நாள் வேளைக்கே போனவர். மருந்தெடுத்துக்கொண்டு மதியத்துக்குள் வந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். தொலைபேசி அதிர்ந்தது. எங்கள் சைக்கிள் குழுவின் வட்ஸ்அப்பில் ஒரு படம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரை. நடுவில் ரெஜினாக்காவின் முகம், ஒரு பெருவிரல் அளவில். அவரைச் சுற்றிப் பதினொரு ஆண்கள் கைகூப்பியபடி, அவரைவிடப் பெரிய படங்களில்.

அன்று காலை ஆறு மணிக்கு மூளையில் இரத்தம் கசிந்து இறந்திருக்கிறார். நான்கு மணித்தியாலத்துக்குள் பதாகை தயார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போன ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்குக் குத்துவிளக்கும் தாமரையும் வைத்திருந்தார்கள். முன்பு யாருக்கோ செய்ததில் முகத்தை மாத்திரம் மாற்றியிருக்கிறார்கள் என்பது, ‘எங்கள் விளையாட்டுத்துறையின் தூணே’ என்ற வரியைப் படித்தபோது விளங்கியது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அருவருப்பு வந்தது. இன்றுவரை அது முழுதாகப் போகவில்லை. ரெஜினாக்காவைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுவதால் அதை மறைக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அருவருப்பை மறைக்காத ஒருவரைத்தான் நாம் இழந்திருக்கிறோம்.

அவர் நாயாற்றுப் பக்கத்துக் கடற்கரை ஆள். தகப்பனும் தம்பியும் கடற்றொழில். வேலை கிடைத்துக் கிளிநொச்சிக்கு வந்து, ஒரு வீட்டின் பக்க அறையில் இருபது வருடம் வாடகைக்கு இருந்தார். நெல்வயலும் வாய்க்காலும் அவருக்கு முதலில் பகிடியாக இருந்தனவாம். “தண்ணிக்கு ஆரோ அடிமட்டம் வச்சுக் கோடு கீறி விட்டிருக்கிறாங்கள் எண்டு நினைச்சன்” என்று சொல்லுவார். அந்தக் கோட்டின் முடிவு எங்கே என்று பார்க்க ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டதுதான் தொடக்கம். இரணைமடுக் குளத்தின் வலதுகரை வாய்க்கால் கட்டு, அதன் கிளைகள், கிளைகளின் கிளைகள், அதற்கப்பால் காட்டோரத்தில் தூர்ந்து கிடக்கும் பழைய குளங்கள், யார் வெட்டினார்கள் என்று எவருக்கும் தெரியாத பழங்கால வாய்க்கால் தடங்கள் எல்லாவற்றையும் அவர் சைக்கிளில் போய்ப் பார்த்தவர்.

நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்த இரண்டாம் மாதம், “உமக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். “பள்ளிக்கூடத்துக்கு ஓடினதைக் கேக்கேல்ல. ஒண்டுக்கும் இல்லாமல் ஓடத் தெரியுமோ?” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய இரண்டு பேரும் போனோம்.

ஆறாவது கிலோமீற்றரில் என் பின் ரயரில் காற்றுப் போனது. ரெஜினாக்கா குனிந்து தடவிப் பார்த்து, கரியர்ப் பையிலிருந்து ஒரு குறட்டை எடுத்து, ரயரிலிருந்து துருப்பிடித்த ஆணி ஒன்றைப் பிடுங்கினார். பிறகு சுற்றிப் பார்த்தார். வாய்க்கால் ஓரத்து மருதமரத்தில் ஒரு அஞ்சலிப் பதாகை மூன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்காவது மூலை காற்றில் அடித்தது. “பாரும், அந்த ஐயாதான் உம்மட ரியூப்பைக் குத்தினவர்” என்றார். வெயிலில் வெளுத்த ஒரு முதியவர் பதாகையிலிருந்து எங்களைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. “முந்தி இந்தக் கட்டில வேற இரும்புக்கு, மிதிவெடிக்குப் பயந்தம். அதைக் கிண்டி எடுக்கப் பெரிய ஆக்கள் எல்லாம் வந்தவை. இந்த இரும்பைக் கிண்ட ஆர் வரப்போகினம்?” என்றபடி மரத்தடிக்குப் போனார்.

அவர் முகம் சுழித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். மூக்கு மேலே ஏறும். ஒரு கண் சிறுக்கும். கீழுதடு இடப்பக்கம் இழுபடும். பச்சைப் புளியங்காயைக் கடித்தவர் போல இருக்கும். நம்மில் பலர் அந்த முகத்துக்குப் பயந்திருக்கிறோம். கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கினால், தேநீர்க் கோப்பை சரியாகக் கழுவப்படாவிட்டால், வாய்க்காலில் ஒரு போத்தல் மிதந்து போனால், அந்த முகம் வந்துவிடும்.

ஆனால் அவர் பதாகைகளைக் கண்டபாட்டுக்குக் கிழித்தவர் அல்ல. அதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முப்பத்தோராம் நாள் நினைவு முடியும்வரை தொடமாட்டார். பதாகையில் உள்ள திகதியைப் பார்த்து விரலில் எண்ணுவார். ஒரு நாள் குறைந்தாலும், “இன்னும் நாளிருக்கு, இருக்கட்டும்” என்று சைக்கிளில் ஏறிவிடுவார். நாள் கடந்திருந்தால் நான்கு ஆணியையும் பிடுங்கி, பதாகையை முகம் உள்ளே வரும்படி மடித்து, வீடு கிட்ட என்றால் கொண்டுபோய்க் கொடுப்பார். ஊரில் அந்தப் பிளாஸ்ரிக் பதாகைகள் எங்கே போகின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வளவில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் கோழிக்கூட்டுக்குக் கூரையாக மல்லாந்து கிடந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். ரெஜினாக்கா அன்று சாப்பிடவில்லை.

ஒருமுறை அப்படி மடித்த பதாகையோடு ஒரு வயல்வீட்டுக்குப் போனோம். இறந்தவரின் மனைவி நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் படலையிலேயே நின்றுவிட்டேன். ஏச்சு விழும் என்று பயம். ரெஜினாக்கா நேரே போய், “அம்மா, உங்கட அவற்ர படம். மரத்தில கிடந்தது. நாள் முடிஞ்சபடியால் கழட்டினனான். கோவிக்காதேங்கோ” என்றார்.

அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். விரிக்கவில்லை. “கோவமோ பிள்ளை? நான் ஒவ்வொரு நாளும் கடைக்குப் போகேக்க மழை இவற்ர முகத்தைத் தின்னுறதைப் பாத்துக்கொண்டு போறன். கழட்டச் சொல்லி ஆரைக் கேக்கிறது? வைச்சவை பெரிய ஆக்கள்” என்றார். பிறகு, “மெத்தைக்குக் கீழ வைக்கப்போறன். அங்க மழை இல்லை” என்றார். எங்களுக்கு மோர் தந்தார்.

அவர் எல்லோருக்கும் நல்லவராக இருந்தார் என்று எழுதினால் அதுவும் ஒரு பதாகைதான். அவர் கடுமையானவர். சோளகக் காற்று எதிரே அடித்த ஒரு ஆடி மாதத்தில் என்னால் பெடலை மிதிக்க முடியவில்லை. இருபக்கமும் வயல், ஒரு மறைப்பும் இல்லை. ஒரு மதகில் இருந்துவிட்டேன். அவர் திரும்பி வந்து பார்த்தார். “மலை எண்டால் ஏறி முடியும். காத்துக்கு உச்சி இல்லை. அதுக்கு நீர் பழகவேணும்” என்றார். அதோடு விட்டிருக்கலாம். “நீர் களைக்கேல்ல. நீர் உம்மளைப் பாத்து நீரே பரிதாபப்படுறீர்” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் போய்விட்டார். நான் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் என் மேசையில் ஒரு புது ரியூப் இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

எங்கள் இருவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் பெரிதானது எப்படி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நான்தான் காரணம். வாய்க்கால் படங்கள் சிலவற்றை முகநூலில் போட்டேன். வவுனியாவிலிருந்து நெளுக்குளத்துப் பெண்கள் இருவர் வந்தார்கள். பளையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார்கள். பிறகு கழகம் ஒன்று உண்டானது. பதினொரு பேர் கொண்ட நிர்வாகம். ஒரு பெண்ணும் இல்லை. ரெஜினாக்காவை ‘ஆலோசகர்’ என்றார்கள். “ஆலோசகர் எண்டால் கேக்காமல் விடுறதுக்கு ஒரு ஆள்” என்றார் அவர்.

கழகத்தின் முதல் பயணம் முடிவில், வாய்க்கால் கடைசிப் பிரிவில், மரநிழலில் சாப்பாட்டுப் பார்சல். அறுபது பேர் இருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் சோறு ஒட்டிய பிளாஸ்ரிக் தாள்கள் ஒவ்வொன்றாக வாய்க்காலில் விழுந்தன. சிறுபோக நெல்லுக்கு விட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே யாரோ ஒருவருடைய வயல் வாய்க்காலின் வாய் திறந்திருந்தது. ரெஜினாக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். ஒவ்வொன்றாகப் பிடித்து ஒரு பைக்குள் போட்டார். கடைசித் தாளைத் தூக்கிப் பிடித்தபடி கரையைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் நான் படம் எடுத்தேன்.

“அக்கா, ஒரு சிரிப்பு விடுங்கோவன்!” என்று கழகத் தலைவர் கரையிலிருந்து கத்தினார்.

“சிரிக்கிறதுக்கு இதில என்ன கிடக்கு? நீர் திண்டதுதானே இது” என்றார் ரெஜினாக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. அன்று வீடு திரும்பும் வழியில் அவர் என்னிடம் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன்: “கடலுக்கு ஊத்தை போட்டால் கடல் திருப்பி எறியும். வாய்க்கால் பாவம், வாங்கிக்கொண்டு போகும்.” பிறகு, வேறு ஏதோ கதை போல, “என்ர முகத்தை ஆரும் மரத்தில அடிச்சால் நீர் முப்பத்தொண்டு பாக்காதையும். அண்டைக்கே கழட்டும்” என்றார். “சும்மா இருங்கோ அக்கா” என்றேன். “சும்மா இருக்கமாட்டன். ஓம் எண்டு சொல்லும்.” ஓம் என்றேன். அந்த வாக்குத்தான் பிறகு எனக்கு வினையானது.

அவரை நாயாற்றில் அடக்கம் செய்தோம். மறுநாள் மாலை நான் வாய்க்கால் கட்டில் ஏறியபோது, முதல் மருதமரத்திலேயே அவர் இருந்தார். அடுத்ததிலும் இருந்தார். கட்டு நெடுக, மரத்துக்கு மரம், குத்துவிளக்குக்கும் தாமரைக்கும் நடுவே பெருவிரல் அளவில் ரெஜினாக்கா. முப்பத்தோராம் நாளுக்கு முன் ரெஜினாக்காவின் ஆட்கள் எவரும் பதாகையைத் தொடமாட்டார்கள் என்ற துணிவில், புது ஆணிகள், நீளமானவை.

கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் அது நான் எடுத்த படம் என்று தெரிந்தது. தண்ணீரை வெட்டியிருந்தார்கள். கையிலிருந்த தாளை வெட்டியிருந்தார்கள். முகம் சுழித்திருந்ததல்லவா, அது அஞ்சலிக்குப் பொருந்தாது என்று ஏதோ ஒரு செயலியில் வாயைத் திருத்திச் சிரிக்க வைத்திருந்தார்கள். கண் இன்னும் சிறுத்தபடி இருந்தது. மூக்கு மேலே ஏறியபடி இருந்தது. அவற்றுக்குக் கீழே, யாருடையதோ ஒரு வாய், பற்கள் தெரியச் சிரித்தது.

மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்தவரின் வாயைத் திறந்து, உயிரோடு இருக்கும்போது தராத சிரிப்பை எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் தோன்றியது.

அவருடைய குறடு என்னிடம் இருந்தது. பிடுங்கத் தொடங்கினேன். ஒன்பதாவது மரத்தில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. தலைவர்.

“தங்கச்சி, என்ன செய்யிறியள்?”

“கழட்டுறன்.”

“தெரியுது. ஏன் எண்டு கேக்கிறன். ஆள் போய் இன்னும் ஒரு கிழமை ஆகேல்ல. முப்பத்தொண்டு முடியாமல் தொடக்கூடாது எண்டு சொன்னது அவவேதானே? நீங்களே அவவை அவமதிச்சால் நாங்கள் என்ன சொல்லுறது?”

“தன்ரயை அண்டைக்கே கழட்டச் சொன்னவா.”

“உங்களிட்ட மட்டும் சொன்னவாவோ? எழுதித் தந்தவாவோ?” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசம். “சரி, தம்பியாரைக் கேப்பம். குடும்பம் என்ன சொல்லுதோ அதுதான். அவை கழட்டவேண்டாம் எண்டால் நீங்கள் திருப்பி அடிக்கவேணும், சரியோ?”

அவர் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். ரெஜினாக்காவின் தம்பி அன்ரன் எடுத்தார். பின்னால் கடல் இரைந்தது. தலைவர் விசயத்தைத் தன் பக்கத்தில் இருந்து சொன்னார். என் கையில் பாதி பிடுங்கிய பதாகை தொங்கியது. கழற்றவேண்டாம் என்று அவர் சொன்னால், அந்த வாயை நானே மரத்தில் அறையவேண்டி வரும். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை என் கையாலேயே முறிப்பதாக இருக்கும்.

“அக்கா அப்பிடிச் சொன்னவாவோ?” என்று அன்ரன் என்னைக் கேட்டார்.

“ஓம் அண்ணா.”

“சொல்லியிருப்பா. அவவின்ர கதை உதுதான்” என்றார் அன்ரன். “கழட்டுங்கோ. ஆனால் ஒண்டை விடுங்கோ தங்கச்சி. அம்மா கேட்டவா, அவள் ஓடின றோட்டில படம் போட்டிருக்கிறாங்களோ எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். என்னைப் பொய்க்காரன் ஆக்காதேங்கோ. முப்பத்தொண்டுக்கு அதை அம்மாவிட்டக் கொண்டுவந்து குடுங்கோ.”

தலைவர் தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். “பெரிய ஆக்கள்தான் நீங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் நான் இப்போது இல்லை.

ஒன்றை விட்டேன். ஆனால் ஆணியில் விடவில்லை. என் கரியரில் கட்டியிருந்த பழைய ரியூப் வாரை அவிழ்த்து, பதாகையை மரத்தோடு சுற்றிக் கட்டினேன். ரெஜினாக்கா என் மேசையில் வைத்த புது ரியூப்புக்கு முன்னிருந்தது அது. அந்தப் பதாகை ஐயா குத்திய ஓட்டை அதில் இன்னும் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் விடிய அதை அவிழ்த்து, முகம் உள்ளே வரும்படி சுருட்டிக் கரியரில் வைத்துக்கொண்டு நாயாற்றுக்குச் சைக்கிளில் போனேன். சோளகம் முதுகில் தள்ளியது. அன்று காலை கழகத்தின் நினைவுச் சைக்கிள் பவனி என்று கேள்விப்பட்டேன். பின்னேரம் வாய்க்காலில் என்ன மிதந்தது என்று எனக்கு நீங்கள் சொல்லவேண்டாம்.

ரெஜினாக்காவின் தாயாருக்குக் கண் நன்றாகத் தெரியும். அன்ரன் பதாகையை விரித்துப் பிடித்தார். அம்மா கிட்ட வந்து பார்த்தார். கைகூப்பி நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு நடுவில்.

“ஆர் இது?” என்றார்.

“அக்காதான் அம்மா” என்றார் அன்ரன்.

“கண் அவளின்ர. வாய் ஆற்ர?”

நான் தொலைபேசியை எடுத்து, நான் எடுத்த அசல் படத்தைக் காட்டினேன். இடுப்பளவு தண்ணீர், கையில் சோறு ஒட்டிய தாள், புளியங்காய் முகம். செத்த பிள்ளையின் அப்படி ஒரு படத்தைத் தாய்க்குக் காட்டலாமா என்று கடைசி நொடியில்தான் யோசித்தேன்.

அந்த அம்மா அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். “ஓம், இதுதான் என்ர பிள்ளை. பிறந்தண்டைக்குக் கொண்டுவந்து காட்டேக்கயும் இப்பிடித்தான் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு கிடந்தவள். ‘என்னடி உனக்கு இந்த உலகம் பிடிக்கேல்லையோ’ எண்டு கேட்டனான்” என்றார்.

அந்தப் படத்தைத்தான் இப்போது அவர்கள் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். அன்று மதியமே அச்செடுத்து, மாலைத் திருப்பலியில் அதற்குத்தான் மெழுகுதிரி ஏற்றினார்கள். பாதிரியார் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார்.

ரெஜினாக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை: ஒரு குறடு. ஒரு பால்மா ரின் நிறைய ஆணி. காற்றுக்கு உச்சி இல்லை என்ற சொல். பிழையான ஒன்றைப் பார்க்கும்போது சிரிக்காமல் இருக்கும் உரிமை. இதை நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விசயம் மிச்சம். மதகுக்கு அடுத்த மூன்று மருதமரங்களிலும் ஏணி வைத்து மிக உயரத்தில் அடித்திருக்கிறார்கள். எனக்கு எட்டவில்லை. அங்கே அவர் அந்த வாயோடு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். இதை வாசிக்கும் உங்களில் உயரமானவர்கள், ஏணி உள்ளவர்கள் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடியக் கட்டுக்கு வாருங்கள். குறடு என்னிடம் இருக்கிறது.